சித்தப்பா தொடாத குண்டான்

ஆடிச்சீரோடு வந்து சித்தியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்களே, அன்று சித்தப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர்களுக்குக் கல்யாணமாகி அதுதான் முதல் ஆடி. "ஆவணி பொறந்ததும் நானே கார்ல வந்து இட்டுக்கினு போறேன்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டார். மச்சான் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அதுதான் வினை. எங்கள் செலியமேட்டிலிருந்து பக்கத்துக் குருவிநத்தத்துக்குக் கார் வேறு வேண்டுமா என்று ஊரே கேட்டது.

கார் என்று அவர் சொன்னது எங்கள் வைக்கோற்போர் ஓரம் கிடந்ததை. தன் நாட்டுக்குக் கப்பலேறிய பிரெஞ்சுத் துரை ஒருவர் புதுச்சேரியில் கழித்துப் போட்ட வண்டி. மாடு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குள் காற்றையும் பெட்ரோலையும் கொண்டுபோகும் அலுமினியக் குழாய் அதில் உடைந்திருந்தது. ஐரோப்பாவில் சண்டை நடந்த காலம், புதுக் குழாய் எங்கே கிடைக்கும்? உடைந்த இடத்தில் அதே உலோகத்தை உருக்கிப் பற்றவைக்க வேண்டியதுதான்.

எந்த அலுமினியம் ஆகும்? சித்தப்பா அடுக்களைக்குள் புகுந்தார். ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டிக் காது வைத்துக் கேட்பார், கத்தியால் சுரண்டுவார், வளைத்துப் பார்ப்பார். நானும் பின்னாலேயே போய்த் தட்டினேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

முதலில் அப்பாவின் தூக்குவாளி நெருப்புக்குப் போனது. கொல்லன் பட்டறையில் ஏரின் இரும்புக் கொழு காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர் சித்தப்பா. சிவக்கட்டும் என்று துருத்தியை ஊதிக்கொண்டே இருந்தார். அது சிவக்கவே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தபடியே பொசுக்கென்று கரிக்குள் ஒழுகிவிட்டது.

"இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம பூடுச்சி!" என்றார் என்னிடம்.

கரண்டி போனது, மூடிகள் போயின. மெல்லிசுத் தகடு நிற்காது, கனமானதுதான் தாங்கும் என்று அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. "சோறாக்கற சட்டியையாவது உட்டு வையிப்பா" என்று அம்மா கத்தினாள்.

நான் பரணைக் காட்டினேன். சித்தியின் கல்யாணச் சீரில் வந்த குண்டான் அங்கே இருந்தது. வீட்டிலேயே கனமான அலுமினியம் அதுதான்.

"அத்தத் தொடாத!" என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை தேடுகிறவருக்கு இது மட்டும் கண்ணில் படாதா?

ஆவணி பிறந்தது. சித்தப்பா மாட்டு வண்டியில் போய்த்தான் சித்தியை அழைத்து வந்தார். மச்சான் மறுபடியும் சிரித்தாராம்.

கதையெல்லாம் நான்தான் சித்தியிடம் ஒப்பித்தேன். அவள் குண்டானை இறக்கி அவர் முன்னால் வைத்தாள். "இத்த உருக்கிப் பாருங்க. எங்கண்ணன் இனிமே சிரிக்கக் கூடாது."

சித்தப்பா அதைத் தூக்கித் தட்டினார். கணீரென்றது. "நல்ல சாமான்தான்" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுல சோறாக்கு, போ."

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. கோழிகள் அதில் முட்டையிட்டன. கார் ஓடும் என்று நம்பியிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமான வருஷத்து ஆடியில் என்னையும் அம்மா வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்து, நான் ஆவணிக்கு நாள் எண்ணியபோதுதான், அந்தக் கார் எதற்காக ஓட வேண்டியிருந்தது என்று எனக்கு விளங்கியது.