மாடியில் நின்ற பந்தல்

அறுபதுகளில் பம்பாய் மாதுங்காவில் எங்கள் வீடு ஒரே ஓர் அறையும் அடுக்களையும். அறையில் மாமனாரும் மாமியாரும் படுப்பார்கள். அடுக்களையில், பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, நானும் என் கணவரும். விடியுமுன் மாமியார் பால் காய்ச்ச உள்ளே வந்துவிடுவார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் நாங்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

கோடையில் கட்டிடமே மொட்டை மாடியில் படுக்கும். அங்கே ஒரு மூலையில் பந்தல் போட்டு, சுற்றிலும் சாக்கு மறைப்புக் கட்டினால் எங்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கும் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். கட்டிடச் சொந்தக்காரரும் தலையாட்டிவிட்டார்.

மழைக்கு முன்னால் அடிக்கும் காற்றுக்குத்தான் பயம். மேலே தகர பத்ரா போடலாம் என்றார் அவர். தகரத்தைக் காற்று தூக்கிப்போய் யார் தலையிலாவது போடும் என்று சண்டை பிடித்தேன். மண்ணெண்ணெய் டின்களில் ஜல்லியும் சிமென்டும் கொட்டி, நடுவில் மூங்கிலை நட்டோம். பந்தல் கால்களுக்கிடையே மூங்கிலைச் சாய்த்துக் குறுக்கே கட்டினோம். கூரைக்கு இடைவெளி விட்டு மூங்கில் பிளாச்சுகள், காற்று நுழைந்து போகட்டும் என்று. கயிறு இழுத்து என் உள்ளங்கை உரிந்துபோயிற்று. எரிச்சலே தெரியவில்லை, அத்தனை சந்தோஷம்.

கட்டி முடித்த வாரமே நாத்தனாரும் அவள் கணவரும் வந்து இறங்கினார்கள். அவருக்குப் பம்பாய்க்கு மாற்றல். புதுசாகக் கல்யாணமானவர்கள்.

"மாப்பிள்ளையை அடுக்களையிலயா படுக்கச் சொல்றது? அவா ரெண்டு பேரும் மேல படுத்துக்கட்டும்" என்றார் மாமியார்.

நான் கணவரைப் பார்த்தேன். "மாப்பிள்ளையாச்சே, என்ன சொல்ல முடியும்?" என்று அப்புறம் அடுக்களையில் முணுமுணுத்தார். பேச வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காத மனுஷர்.

ஒரு சாயங்காலம் புழுதிக் காற்று வந்தது. பக்கத்துக் கட்டிடத்துப் பத்ரா பிய்த்துக்கொண்டு தெருவில் விழுந்தது. எங்கள் பந்தலும் விழட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. "என் பிள்ளை கட்டினதாக்கும்" என்று மாமியார் மாப்பிள்ளையிடம் பூரித்துப்போனார்.

மழை பிடிக்கும்போதுதான் அவர்களுக்குச் செம்பூரில் வீடு கிடைத்தது. அதற்குள் மழைக்காலம் என்று மாடிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சாக்கெல்லாம் மழையில் மக்கிப்போயிற்று. மூங்கில் மட்டும் நின்றது.

தை மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. கீழே இடமில்லை என்று அதே பந்தலுக்கடியில் மணை போட்டார்கள். அவள் கையில் நான் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் மாமியார் கேட்டார்: "உனக்கப்புறம் கல்யாணமானவ அவ. நோக்கு என்னடி குறை?"

ஆத்திரத்தோடு அடுத்த வளையலை எடுத்தேன். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாதவர்போல மாவிலை கட்டிக்கொண்டிருந்தார், நான் முடிச்சுப் போட்ட மூங்கிலில்.