கெட வேண்டிய காரியம்

குணசீலம் தாண்டி டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஸ்ரீரங்கத்து நரசிம்மன் சாமி. ஜமீலா மேடம் வகுப்பு நடத்தத் தன் வீட்டு மாடி அறையை விட்டுக்கொடுத்தவர். "மேடம் ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா, கண்டக்டர். கார்த்தால நெஞ்சு வலின்னாளாம், அவ்வளவுதான்" என்றார். பாலக்கரை முஸ்லிம் அம்மா ஒருவரின் மௌத்தைச் சொல்ல அந்தப் பெருமாள் பக்தருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. தன் வீட்டுப் பெரியவர்கள் இறந்தால் சொல்ல என்று வைத்திருக்கும் சொல்லையே எடுத்துக் கொடுத்துவிட்டார். பின் சீட்டில் ஒரு பெண் "டோல்கேட் ஒண்ணு" என்று கையை நீட்டினாள். அவளுக்கு எந்த ஊர் டிக்கெட்டைக் கொடுத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த மாடி அறையில் மேடத்திடம் திட்டு வாங்கியவர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டிசமும் வளர்ச்சித் தாமதமும் உள்ள பிள்ளைகளுக்கு அவர் பல வருஷம் ஸ்கூலில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பகலில் தான் கட்டியதைச் சாயங்காலம் வீட்டில் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள் என்று அந்த வேலையை விட்டுவிட்டு, பெற்றவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். கனிவான முகம், தட்டிக்கொடுக்கும் கை என்று இரங்கல் கூட்டத்தில் யாராவது பேசினால் நம்பாதீர்கள். மேடம் யாரையும் தட்டிக் கொடுத்ததில்லை.

முதல் நாள் நான் என் மகன் முகிலனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மனைவி தனத்தோடு படியேறினேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. கையை விட்டால் ஓடிவிடுவான். "எத்தனை மணிக்கு வந்து கூப்பிட்டுக்கணும் மேடம்?" என்று கேட்டேன்.

"பிள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டு நீங்க வந்து உட்காருங்க. பாடம் உங்களுக்கு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். முசிறி ரூட்டில் என்னைப் பட்டாசு என்றுதான் சொல்வார்கள். "எனக்கு என்னங்க குறை? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த மாடி அதிரக் கத்தினேன். முகில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினான். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை, அவனைத்தான் பார்த்தார். "இதுதான் முதல் பாடம். சத்தத்தைக் குறைங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

அந்த ஆடி மாதம் காவிரி நிறைந்து வந்தது. திருவானைக்காவலில் எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். "தண்ணீர் அதிகமாகத் திறந்து விடப்பட்டுள்ளதால் பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ வேண்டாம்." மறுநாள் காலை முகில் வாய் திறந்தான். அதுவரை "தண்ணி" தவிர ஒரு சொல் பேசாத பிள்ளை, மைக்கில் பேசியவர் குரலிலேயே, அட்சரம் பிசகாமல், "பொதுமக்கள் ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ" என்றான். தனம் அழுதுகொண்டே பாயசம் வைத்தாள். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினோம். "நியூஸ் வாசிக்க அனுப்பலாம்டா மாப்ளே" என்று என் மைத்துனன் பதில் போட்டான். நாள் முழுக்க அதையே சொன்னான் பிள்ளை. நாங்களும் நாள் முழுக்கக் கை தட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோவை மேடத்திடம் காட்டினேன். ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்ற ஆசைதான். மேடம் போனைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டார்.

"வேண்டாம் எங்க?"

"என்ன மேடம்?"

"மைக்ல வேண்டாம்னு முடிச்சிருப்பாங்கள்ல. அது எங்க? பிள்ளை சொல்லலையே."

அப்போதுதான் கவனித்தேன். ஒரு தடவைகூட அவன் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவில்லை.

"எங்க நின்னு சொல்றான்?"

"வாசல் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு மேடம்."

"கேட் கொண்டி அவனுக்கு எட்டுமா?"

எட்டும் என்றேன். மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேச்சு வந்திருச்சுன்னு சந்தோஷப்படறீங்க. அவன் எங்க போகப் போறான்னு சொல்லிக்கிட்டு இருக்கான், கண்டக்டர்."

அன்றைக்கு அவர் வைத்திருந்த பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இதையே எடுத்தார். நம் பேச்சில் மறுப்பெல்லாம் கடைசியில்தான் வருகிறது. "ஆத்துப் பக்கம் போகாதேன்னு கத்தறீங்க. அவன் காதுல ஆறு விழுது, போறது விழுது. அந்த ‘ஆதே’ வந்து சேர்றதுக்குள்ள பிள்ளை கிளம்பிடுவான். செய்யாதேன்னு சொல்லாதீங்க. நில்லு, உட்காரு, வீட்ல இருன்னு செய்ய வேண்டியதைச் சொல்லுங்க."

சும்மா இருக்க முடியாமல், "நீங்களே ‘ஆதீங்க’ன்னுதான் முடிக்கிறீங்க மேடம்" என்றேன்.

"உங்களுக்கும் பாதிதான் கேட்குதுன்னு எனக்குத் தெரியுமே" என்றார். அவர் அடித்த கேலியில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

தனம் சமயபுரத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "வேண்டிக்கோங்க. கொண்டியையும் மேல தூக்கி வைங்க" என்றார் மேடம். வைத்தோம், பூட்டும் போட்டோம். "பூட்டு, நீங்க ஒருநாள் மறக்கிற வரைக்கும்தான்" என்று அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்து நின்றார். முகிலையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் இருந்து படித்துறை வரைக்கும் நடக்க வேண்டும், வழியில் இருக்கும் ஒவ்வொரு கடையிலும் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேச்சு கொஞ்சம் லேட்டாகிறது, அவ்வளவுதான் என்று தெருவுக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஊரைக் கூட்டித் தண்டோரா போட வேண்டுமா என்று எரிந்து விழுந்தேன்.

"வெட்கமா இருந்தா நீங்க பத்தடி பின்னாடி வாங்க. நான் சொல்லிக்கிறேன்" என்று பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். பத்தடி பின்னால்தான் போனேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பூக்கடை செல்வியிடம்தான் சிக்கல் வந்தது. "இவன் தனியா வந்தான்னா எதிர்ல போய் நின்னு, ‘முகில், நில்லு. எங்க போற?’ன்னு கேட்கணும்" என்று மேடம் சொன்னதும், செல்வி பூத்தொடுத்த கையை உதறினாள்.

"ஐயோ, வெளிய கிளம்பின பிள்ளையப் பார்த்து எங்க போறன்னு கேட்கலாமாங்க? போற காரியம் கெட்டுடும்."

"கெடட்டும்மா" என்றார் மேடம். "இந்தப் பிள்ளை போற காரியம் கெடணும். அதுக்குத்தான் உன்கிட்ட வந்து நிக்கறேன்."

செல்வி முகிலைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். எங்கள் வீட்டிலும் அந்த வழக்கம்தான், கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்க மாட்டோம், "தூரமா?" என்போம். மேடம் என் பக்கம் திரும்பினார். "நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் எங்க போகணும்னு கேட்கிற ஆளு. வீட்ல பிள்ளையைக் கேட்கிறதுக்கு வலிக்குதா?" அன்றிலிருந்து கேட்டோம். சமையலறைக்குப் போனாலும் கேட்டோம். நின்று, ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுப் போகப் பழகினான். ஞாயிறுதோறும் அவனோடு அந்த வழியே நடந்தோம், கடைக்காரர்களும் கேட்டார்கள்.

பயந்தது ஐப்பசியில் நடந்தது. மேற்கே நல்ல மழை, ஆறு மறுபடியும் இரு கரையும் தொட்டுப் போனது. முசிறி பஸ் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும் நேரம் தனம் கூப்பிட்டாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. "ஏங்க, ஆத்துக்கு ஓடறேங்க" என்றதோடு போன் நின்றுவிட்டது.

வண்டி நிறையக் கூட்டம். நான் இறங்கி எங்கே ஓடுவது? திருச்சிக்குப் போகும் பஸ்ஸில்தானே நிற்கிறேன். டிரைவரிடம் சொன்னேன். அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முசிறியிலிருந்து வரும் ரோட்டில் வலது பக்கம் ஆறு வந்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஓடுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். செம்மண் நிறம். வாழை மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு, நான் போகும் பக்கமே, என் பிள்ளை இருக்கும் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சீட்டாக நின்று "எங்க போகணும், எங்க போகணும்" என்று கேட்டபடி இருந்தேன். என் வாய்தான் கேட்டது. தனம் போனை எடுக்கவே இல்லை.

டோல்கேட் வருவதற்கு முன் மேடம் கூப்பிட்டார். "பிள்ளை இருக்கான். செல்வி கடையில உட்கார்ந்திருக்கான், அவதான் எனக்குப் போன் பண்ணினா. தனமும் வந்துட்டாங்க. அழாதீங்க, வண்டியில ஆளுங்க இருக்காங்க." அழுதேன். அத்தனை பேர் முன்னாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செல்வி எதிரில் போய் நின்று கேட்டிருக்கிறாள். அவன் நின்று, "ஆற்றில் இறங்கவோ குளிக்கவோ" என்று பதில் சொல்லியிருக்கிறான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவன் கடித்தும் விடவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மணிக்கட்டில் பல் தடம் இருந்தது. அவள் காலில் விழப் போனேன். மேடம் குறுக்கே கையை நீட்டினார். "இன்னிக்கு நின்னான். நாளைக்கு எந்தப் பக்கம் போவான்னு யோசிங்க" என்றார். பாவி மனுஷி, ஒரு மணி நேரமாவது சந்தோஷமாக இருக்க விட்டிருக்கலாம் என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டினேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம். முகிலுக்கு இப்போது பதினைந்து. என் தோளைத் தாண்டிவிட்டான், மீசை கறுக்கிறது. மேடம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இதுவரைக்கும் பாவம் பிள்ளைன்னு நிறுத்திக் கேட்டாங்க. இனிமே இவனைப் பார்த்தா பயப்படுவாங்க. வழி விட்டு ஒதுங்குவாங்க. எனக்கு அதுதான் பயமா இருக்கு, கண்டக்டர். அதுக்கு ஒரு வகுப்பு வைக்கணும்." எப்போது என்று கேட்டேன். "யோசிச்சுட்டுச் சொல்றேன். எனக்கும் இன்னும் தெரியலை" என்றார். தெரியவில்லை என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு முறைதான். யோசித்துச் சொல்ல அவர் இல்லை.

எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மேடம் ஒருவர்தான் எனக்குப் பயப்படச் சொல்லிக் கொடுத்தார், பயந்துகொண்டே என்னென்ன செய்யலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் முகிலைக் கூட்டிக்கொண்டு படித்துறைப் பக்கம் நடந்தேன். செல்வி கடையை விட்டுவிட்டு மகளோடு கரூர் போய் வருஷமாகிறது. அந்த இடத்தில் செல்போன் கடை. இஸ்திரிக்காரர் இல்லை, டீக்கடையும் கை மாறிவிட்டது. செல்போன் கடையில் இருந்த இளைஞர் முகில் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஓரடி பின்னால் போனார். "என்ன சார், போதையா?" என்றார்.

பழைய நானாக இருந்தால் அந்தக் கடையில் கண்ணாடி மிஞ்சியிருக்காது. இந்தத் தடவை பத்தடி பின்னால் நிற்கவும் இல்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "இல்லைங்க தம்பி. இவன் என் பையன், பேரு முகிலன். தனியா இந்தப் பக்கம் வந்தான்னா எதிர்ல நின்னு எங்க போறன்னு கேளுங்க. கடிச்சாலும் கையை விடாம பிடிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் முகிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றார். கேட்பாரா, ஒதுங்கிக்கொள்வாரா, எனக்குத் தெரியாது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். இன்னும் ஏழு கடை பாக்கி இருந்தது. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன்.