தனம் திட்டத் திட்ட நீண்ட வரிசை

வேங்கிக்காலில் தனத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் காது கேட்காத ஜெராக்ஸ் கடைக்காரர். இன்னொருவர் தனத்துக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஜோதியம்மாள். வீட்டுக்காரம்மா என்பதால் ஜோதியம்மாளுக்கு மட்டும் தனம் தானாகவே குரலைக் கம்மி பண்ணிக்கொள்வாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் சென்டர். எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேரம் போர்டு, தொலைந்துபோன சிவப்புக் காய்க்குப் பதிலாக ஒரு கோட்டுப் பித்தான். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டுத் தேறியவர்கள், சாப்பிடவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் எனத் தினமும் பதினைந்து இருபது பேர் வந்து பேசிவிட்டுப் போவார்கள். டாக்டர் கிடையாது. அங்கே வேலை பார்க்கிற தனமும் அதே மாத்திரைக்காரிதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவளை, அவள் புடவையாலேயே கையைக் கட்டி லோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் கூடப்பிறந்த புண்ணியவான்கள். அதனால் சென்டரில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: யாரையும் கட்டி இழுத்து வரக் கூடாது.

போன பௌர்ணமியன்று காலை பதினோரு மணிக்கு சின்னசாமி போன் செய்தான். அவன் தம்பி பிரகாஷ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவன், சென்டரில் கேரம் ஆடுகிறவன். நன்றாகத்தான் இருக்கிறேனே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்தான்.

"அக்கா, ஆள் கெடைச்சிட்டான். நம்ம அடி அண்ணாமலையிலயே ரோட்டோரம் உக்காந்துகினு இருக்கான். நாலு பேரோட வரேன். கயிறு எடுத்துகினேன்."

"கயித்த எடுத்துகினு வந்தா அதுல மொதல்ல உன்னைத்தான் கட்டுவேன். அவனா எழுந்து வரணும். இல்லாட்டி மறுபடியும் ஓடுவான்."

"எவ்ளோ நாளைக்குதான் தேடறது? ரெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நான் யாரு பேச்சும் கேக்க மாட்டேன்."

பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். தனம் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தாள். அண்ணாமலையாரையும் சின்னசாமியையும் மாறிமாறித் திட்டிக்கொண்டே நடந்ததால் களைப்பு தெரியவில்லை.

பிரகாஷ் ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் தாடி, சிக்குப் பிடித்த தலை, அழுக்குச் சட்டைக்கு மேல் புத்தம்புது சாமந்தி மாலை. காலடியில் வாழைப்பழம், ஆப்பிள், மோர் பாக்கெட். எதிரே முப்பது பேர் கைகூப்பி நின்றார்கள். "தள்ளாதீங்க, சாமி எங்கியும் போவாது" என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான் பக்கத்துப் பூக்கடை வேடியப்பன். சாமி வந்து உட்கார்ந்ததிலிருந்து அவனுக்கு வியாபாரம் ஜாஸ்தி.

"ரூம் காலி இல்ல. ஆதார் ஜெராக்ஸ் இருக்கா?" என்று முணுமுணுத்தான் பிரகாஷ்.

"கேட்டீங்களா, ரூம் காலி இல்லையாம்" என்று பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், அறிவிருக்கா? ஒடம்பு சரியில்லாத புள்ளை கால்ல உழுந்துகினு இருக்கீங்களே, போங்கய்யா அந்தாண்ட! வூட்ல உங்களுக்கு வேலையில்ல?"

கூட்டம் சிலிர்த்துப் போனது. சித்தர்கள் திட்டினால் பாவம் தொலையும் என்பது இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெங்களூர்க்காரர் முதல் ஆளாக தனத்தின் காலில் விழுந்தார். "எருமை, எழுந்திருய்யா" என்றாள். எருமைப் பட்டம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் இன்னொரு தடவை விழுந்தார். "எங்களையும் திட்டுங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒரு குடும்பமே கெஞ்சியது. வேடியப்பன் சட்டென்று சுதாரித்து, "அம்மாவுக்குத் தனி லைன், இந்தப் பக்கம் வாங்க" என்று கயிறு கட்டிவிட்டான். அவள் வாயைத் திறக்கத் திறக்க வரிசை நீண்டுகொண்டே போனது. அந்த வரிசையில் ஏழாவது ஆளாக, கையில் எலுமிச்சம்பழத்தோடு, ஜோதியம்மாள் நின்றிருந்தாள்.

"தனம்? நீயா? உனக்குள்ள இவ்ளோ இருக்குதா? எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

மணி ஒன்றே முக்கால். வயல் பக்கம் குறுக்கு வழியில் சின்னசாமியும் நான்கு பேரும் வருவது தெரிந்தது. கத்தினால் இந்தக் கூட்டம் போகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பையில் வைட்டமின் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கும் மாத்திரையை எடுத்தாள். சென்டரைத் தாண்டி அந்த மாத்திரையின் நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. ஜோதியம்மாளுக்குத் தெரிந்தால் வீடு போய்விடும். இதற்கு முன் நான்கு வீடு அப்படித்தான் போனது.

"இவன் பேரு பிரகாஷ்" என்றாள், திட்டாமல், சாதாரணக் குரலில். "சித்தரு இல்ல. லாட்ஜுல வேலை பாத்தவன். மனநோய்க்கு மாத்திரை சாப்புட்டுகினு இருந்தான், நிறுத்திட்டான். எனக்கும் அதே வியாதிதான். இதோ, மத்தியான மாத்திரை." எல்லோரும் பார்க்க வாயில் போட்டு, சாமிக்குப் படைத்த மோரைக் குடித்து விழுங்கினாள்.

ஐந்து நிமிஷத்தில் இடம் காலி. பெங்களூர்க்காரர் ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேடியப்பன் இரண்டு லைன் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டினான். ஜோதியம்மாள் எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "சாயந்தரம் வீட்டுக்கு வா, பேசணும்" என்று சொல்லிவிட்டு, தனத்தின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

பிரகாஷ் முதல்முறையாக நிமிர்ந்தான். முகத்தில் கோபம்.

"பன்னெண்டு வருஷம் ரிசப்ஷன்ல நின்னேன்க்கா. சாவி வாங்கறவன் ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்ததில்ல. இன்னிக்குதான் பாத்தானுங்க. எல்லாரையும் தொரத்திட்டீங்க."

"ஆமாடா, தொரத்திட்டேன்" என்றாள் தனம். "எனக்கு வந்தப்போ அம்மன் எறங்கிட்டான்னு தெருவே வந்து கும்புட்டுச்சு. மாத்திரை போட்டுத் தெளிஞ்சதும் கறிவேப்பிலை கேட்டாகூட ஒருத்தரும் கதவு தொறக்கல. அந்தக் கும்புடு எனக்கு இப்பவும் ஞாபகம் வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அந்த எலுமிச்சம்பழம் வெச்சிருந்தவங்க யாரு?"

"என் வீட்டுக்காரம்மா."

"காலி பண்ணச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவா. வேற என்ன சொல்லுவா?"

"தெரிஞ்சுகினே ஏன் சொன்னீங்க?"

"முப்பது பேர் நடுவுல நீ தனியா உக்காந்திருந்தடா. பாக்க முடியல." இதைச் சொல்லும்போது தனத்துக்குக் குரல் உடைந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்தாள்.

சின்னசாமி வந்து சேர்ந்தான். பின்னால் நான்கு தடியன்கள். ஒருவன் தோளில் மாட்டுக்கயிறு. பிரகாஷ் அவர்களை ஒரு பார்வை பார்த்தான். மாலையைக் கழற்றி மரத்தடியில் வைத்தான். கையூன்றித் தானாகவே எழுந்தான். ஐந்து நாள் மடக்கி உட்கார்ந்த கால் தள்ளாடியது. தனம் அவனைத் தாங்கிப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்க அவள் கையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியிருந்தது.

"எங்கடா போற?" என்றான் சின்னசாமி.

"அக்கா வீட்டுக்கு. அந்தம்மா என்ன சொல்லுமோ, தனியா எப்படி வுடறது?"

"மாத்திரை?" என்றாள் தனம்.

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல உங்க வீடு." சட்டையிலிருந்த சாமந்தி இதழ்களைத் தட்டிவிட்டு, லாட்ஜில் வாடிக்கையாளர் முன்னால் நிற்பதுபோலத் தலையைக் கையால் வாரிக்கொண்டான். "சண்டைக்கு வர்ற எத்தனையோ பேரை சமாளிச்சிருக்கேன். நான் பேசிக்கறேன், நீங்க பக்கத்துல நில்லுங்க. போதும்."

அவன் முன்னால் நடந்தான். தனம் பின்னால் போனாள்.