வெளிவராத என் கேமை ஃபெரியில் ஒரு அக்கா விளையாடினார்

இன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெரிப் படகில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கைப்பேசியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார். பாசார் சந்தையில் மீன் திருடிக்கொண்டு ஓடும் ஒரு பூனை.

அது நான் செய்த கேம். இன்னும் விற்பனைக்கே வரவில்லை.

இரண்டு வருடமாக, வேலை முடிந்து வந்து நானே வரைந்து, நானே கோட் எழுதியது. சோதித்துப் பார்க்க மூன்று நண்பர்களிடம் மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

“அக்கா, இந்த கேம் எங்க கெடச்சது?”

“யாரோ குரூப்ல போட்டாங்க லா. ஃப்ரீதான். ஒனக்கும் அனுப்பவா?”

எனக்கே!

“எந்த குரூப்?” என்றேன்.

அவர் கைப்பேசியை மறைத்துக்கொண்டார். “ஏம்மா, நீ போலீஸா?”

மறுபடி விளையாடத் தொடங்கியவர் அவரே புலம்பினார். “ஏழாவது ஸ்டேஜ்ல பூன ஐஸ் பெட்டிக்குப் பின்னால மாட்டிக்குது, வெளிய வரவே மாட்டேங்குது. இத செஞ்சவன் ஒரு தடவகூட வெளயாடிப் பாக்கல போல.”

செய்தவள் நான்தான். இறங்கியதும் முதல் வேலையாக விளையாடிப் பார்த்தேன். உண்மைதான், மாட்டிக்கொள்கிறது.

நண்பர்கள் மூவரையும் கேட்டாயிற்று. “நான் இல்ல லா” என்கிறார்கள். போன மாதம் “கேம் சூப்பர், ஒரு பிரச்சினையும் இல்ல” என்று சொன்னவர்களும் இவர்கள்தான். இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

குரூப்பில் போட்டவர் இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கண்டிப்பாகத் திட்டுவேன். அதற்கு முன் அந்த அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், இனி சோதித்துப் பார்க்க அவர்தான் சரி.