தம்பி குடித்த தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார நர்சாக இருந்தேன். கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடுவதும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வதும் என் வேலையில் பாதி. அந்தச் சமயத்தில்தான் தம்பி கொத்தனார் வேலைக்குச் சவுதி போனான்.

"பச்சத் தண்ணி குடிக்காத. ஆறிப்போன சோத்தத் தொடாத. வெட்டி வச்ச பழம் வாங்காத" என்று மதுரை பஸ் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். "சரிக்கா, சரிக்கா" என்றான்.

நாலாம் மாதம் வந்த கடிதத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ. அவனோடு அறையில் தங்கியிருந்தவர் எழுதியிருந்தார். தம்பிக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், கண் மஞ்சளாக இருக்கிறது, சாப்பிட்டது தங்கவில்லை, பயப்பட வேண்டாம். தேதியைப் பார்த்தேன். எழுதிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

மஞ்சள் காமாலைதான். எண்ணெய் கூடாது, ஓய்வு வேண்டும் என்று உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இது போய்ச் சேருவதற்குள் அவன் தேறியிருப்பான். இல்லையென்றால் என்ன என்பதை நினைக்காமல் எழுதி முடித்துத் தபாலில் போட்டேன்.

அம்மா கீழாநெல்லியைக் காயவைத்து இடித்தாள். மல்லாங்கிணற்றில் ஒருவர் லீவு முடிந்து சவுதி திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். நல்ல மனுஷர், காப்பி கொடுத்தார். "இது என்ன பொடின்னு ஏர்போர்ட்டுல கேட்டா நான் எப்படிம்மா வெளக்குவேன்? என்னையவே பிடிச்சு உக்கார வச்சிருவாங்க" என்றார். அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

கடிதத்தில் அவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் ஆபீஸ் நம்பர் இருந்தது. அருப்புக்கோட்டைக்கு மூன்று நாள் போன் பேசப் போனேன். இரண்டு நாள் யாரோ இந்தியில் பேசி வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவனே லைனில் வந்தான்.

"எப்படிடா இருக்க?"

"எந்திரிச்சா தல சுத்துதுக்கா."

"தண்ணியக் கொதிக்க வச்சுத்தான குடிக்கிற?"

"எதுலக்கா கொதிக்க வைக்க? ரூமுல அடுப்பு வைக்க விட மாட்டாங்க. லாரித் தண்ணி தொட்டியில கெடக்கும், அதத்தான் எல்லாரும் குடிக்கிறோம். காலையில கட்டிக் குடுக்குற சோறு மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிருது. அதத் திங்காட்டி பட்டினிதான்."

"ஊருக்கு வந்துருடா."

"பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரங்ககிட்டல்ல இருக்கு."

"உடம்பப் பாத்துக்கோ" என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் வழக்கம்போல் ஆரம்பித்தேன். களை வெட்டிவிட்டு வந்திருந்த பெண் சொன்னாள்: "சோறாக்கவே வெறகு பத்தல நர்சம்மா. தண்ணிய வேற காய்ச்சவா?" இதற்கு எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அன்று பையிலிருந்து காய்ச்சாமலே தண்ணீரைச் சுத்தமாக்கும் குளோரின் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் உறைத்தது. அந்த மாத்திரை எப்போதும் என் பையில் கிடந்தது. தம்பியின் பெட்டியில் ஓர் அட்டைகூட வைக்கத் தோன்றவில்லை.

அன்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அது அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் கையெழுத்தில் மூன்று வரி வந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டானாம். ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்தபோது சட்டை தோளில் தொங்கியது. தாளிக்கிற வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆறு மாதத்தில் வேறு விசா வந்தது.

"போகாதடா."

"இங்க மழையும் இல்ல, வேலையும் இல்ல. இருந்து என்னக்கா செய்ய?"

அந்த விசாவுக்கான உடல் பரிசோதனைக்கு அவனோடு சென்னைக்கு நானும் போனேன். அவன் உள்ளே போனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இவன் தேறக் கூடாது, தேறக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். தேறிவிட்டான்.