கதவுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி

கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. அந்த வேலையோடு, பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பும் எனக்கு இருந்தது. அந்த ஊருக்கென்று வாக்குச்சாவடி கிடையாது. ஓடையைத் தாண்டி, இரண்டு ஏற்றம் ஏறி இறங்கி, பெரிய ஊருக்குப் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். பாதிப் பேர் போவதில்லை. ஓட்டு விழாத ஊர் என்பதால் ஓட்டுக் கேட்டும் யாரும் வருவதில்லை. தங்கள் ஊரிலேயே சாவடி வேண்டும் என்று அவர்கள் மனு கொடுத்திருந்தார்கள். போதுமான வாக்காளர்கள் அங்கே குடியிருக்கிறார்களா என்று நான் எழுதித் தரவேண்டும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை போனேன். கண்டதையெல்லாம் முதலில் நாட்குறிப்பில் எழுதுவது என் வழக்கம். பதினான்கு வீடுகளில் ஆள் இல்லை. இரண்டில் பூட்டு. மற்ற பன்னிரண்டில் கதவுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி. அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் படிவத்தில் கழிக்கு இடமில்லை. பதினான்கு வீட்டுக்கும் ‘குடியிருப்பில் இல்லை’ என்று நிரப்பினேன்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன், புதன்கிழமை மதியம், அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலைமுடியில் சாமைத் தூசி.

“எங்க ஊருக்கு ஓட்டுப் பெட்டி வருமா டீச்சர்?”

“கஷ்டம்மா. பதினாலு வீட்டுல ஆளே இல்லியே.”

“இன்னா சொல்றீங்க? எந்தெந்த வூடு?”

நாட்குறிப்பைத் திறந்து படித்தேன். கழி என்று வந்ததும் சிரித்துவிட்டாள்.

“கழி வச்சிருந்தா காட்டுல இருக்கோம்னு அர்த்தங்க. சாமை அறுக்கிற வரிக்கும் காவல் கொட்டாய்லதான் படுத்துக்கினு இருப்போம். இல்லன்னா பன்னி வந்து மேஞ்சிடும். பூட்டு போட்டவங்கதான் மலைய வுட்டுப் போனவங்க. இதுகூடத் தெரியாமத்தான் பாடம் எடுக்கிறீங்களா?”

எனக்கு முகம் சுட்டது. அவள் வீடும் கழி வைத்த வீடுதான், வரிசையில் நாலாவது.

“எங்கூட்டுக்காரரு புளியமரத்துல இருந்து வுழுந்து ஒரு கால் வெளங்காமப் போனவரு டீச்சர். போன தடவ நாலு பேரு கட்டில்ல தூக்கினு போனாங்க. ‘இன்னா மாமா, பொணம் கணக்கா கனக்கிற’ன்னு வழியெல்லாம் கேலி. அவரும் சிரிச்சாரு. வூட்டுக்கு வந்து, இனிமே ஓட்டே வேணாம்னுட்டாரு. பெட்டி ஊருக்குள்ள வந்தா தானே நடந்து போயிடுவாரு.”

பன்னிரண்டு வரிகளை அடித்துத் திருத்தி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை அவளோடு கொட்டாய் கொட்டாயாக நடந்து, இருந்தவர்களிடம் ஒப்பம் வாங்கினேன். “நான்தாங்க காணாமப் போனவன்” என்று ஒருவர் கை நீட்டினார். எல்லா இடத்திலும் குடிக்க ஏதாவது கொடுத்தார்கள். ஊரை ஒட்டியிருந்த கடைசிக் கொட்டாயில் அவள் கணவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ஒப்பம் போட்டார். பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த தேர்தலுக்கு அந்த ஊரின் ஒற்றை அறைப் பள்ளியில் சாவடி வந்தது. நான் பட்டியலோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு இருபதுக்கு அவர் வந்தார். மூங்கில் கழி ஒன்றை ஊன்றி, ஐந்து இடங்களில் நின்று நின்று வந்தார். மனைவி நான்கடி பின்னால் வந்தாள். ஒரு இடத்திலும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடிக்கவில்லை.

“நான் இருக்கேனா, பாருங்க டீச்சர்” என்றார்.

அவர் பெயரின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். “இருக்கீங்க.”

அப்போதுதான் கவனித்தேன். கழியின் மேல்முனை கதவு நிலையில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. அது அவர்கள் வீட்டுக் கதவுக் கழி.

“அப்போ வீடு?” என்று அவளிடம் கேட்டேன்.

“தெறந்துதான் கெடக்கு. எல்லாரும் இங்கதான இருக்கோம்” என்றாள்.