கஞ்சி வடிக்காத சோறு

கரண்ட் சாமான் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: விற்கும்போது நம்மை நம்புகிறவர்கள், வீட்டில் மாட்டிக் கொடுக்கும்போது நம்புவதில்லை. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்கு ரைஸ் குக்கர் கொண்டுபோன அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: கணேசன், அவர் அம்மா பேச்சியம்மாள், மனைவி மாரியம்மாள், பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், நான். ஆக ஐந்து பேர். என்னை விட்டால் குக்கரை நம்பியது மாரியம்மாள் மட்டும்.

கஞ்சி எங்கே?

மாரியம்மாளுக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. காலை ஷிஃப்ட் வாரத்தில் சோறு வடித்து இறக்குவதற்குள் பஸ் போய்விடும். இனியும் சோறு நேரத்துக்கு ஆகவில்லை என்றால் மில்லை விட்டு நின்றுவிட வேண்டியதுதான் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அதற்காகத்தான் குக்கர்.

அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், உள்பாத்திரத்தின் அடியை ஏன் ஈரமில்லாமல் துடைத்து வைக்க வேண்டும், ஆவி வரும் ஓட்டையை ஏன் துணியால் மூடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். பேச்சியம்மாள் மூடியைத் திருப்பிப் பார்த்தார், அடியைத் தட்டிப் பார்த்தார். என்னிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார்: "அம்புட்டுக் கஞ்சியும் எங்க போவுது? உள்ள இருந்து யாரு குடிக்கா?"

டூ பின்

அடுப்படியில் இருந்தது ரேடியோவுக்குப் போட்ட டூ பின் பாயிண்ட் ஒன்றுதான். குக்கர் வயரிலோ த்ரீ பின். அந்தத் தடித்த பின் எர்த்துக்கு, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும், அது இல்லாமல் மாட்டவே கூடாது என்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாளைக்கே எலக்ட்ரீஷியனை வரச் சொல்கிறேன் என்றார் கணேசன். அவர் ஒப்புக்கொண்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது மனைவியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "ரேடியோவுக்கு வார கரண்டுதான இதுக்கும்? அண்ணாச்சி ரொம்பப் பயப்படுதாரு."

கடையில் கடிக்கவில்லை

சில நாளில் பேச்சியம்மாள் குக்கரைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே கணேசன். தொட்டால் கரண்ட் கடிக்கிறது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. கடையில் இருந்த வேறு த்ரீ பின் வயரை மாட்டி ஓடவிட்டு டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. முதலாளி கையாலேயே தொட்டுக் காட்டினார்.

மருமகளை மில்லிலிருந்து நிறுத்தத்தான் அம்மா கதை கட்டுகிறார் என்று கணேசன் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் இதோடு கொடுத்த வயர் எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடக்கிறதாம். பேச்சியம்மாள் மகன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடிச்சது என்னைய. அவனுக்கு எப்படிய்யா தெரியும்?"

சாய்த்துக் காட்டியது

அவர்களோடு நானும் பஸ் ஏறினேன். வீட்டில் வயரைப் பார்த்தால், த்ரீ பின்னை வெட்டி எடுத்துவிட்டு டூ பின் மாட்டியிருந்தார் கணேசன். குக்கரின் அடித்தகட்டைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த கஞ்சி. எப்படிச் சமைப்பீர்கள், கரண்ட் இல்லாமல் செய்து காட்டுங்கள் என்று பேச்சியம்மாளைக் கேட்டேன். மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்து, சோற்றுப் பானையைச் சாய்க்கிற மாதிரி குக்கரையே சாய்த்தார். தினமும் கரண்ட் ஓட ஓட இப்படித்தான் கஞ்சி வடித்திருக்கிறார். வழிந்த கஞ்சி அடிக்குள் இறங்கி, கரண்ட் ஓடும் இடத்தை நனைத்திருக்கிறது. தரை ஈரம், வெறுங்கால், எர்த் இல்லாத வயர்.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால், நான் அந்த வீட்டுக்கு டெஸ்டரோடு இல்லை, மாலையோடு போயிருக்க வேண்டியது. கணேசன் வாசலில் போய் நின்றுகொண்டார். பேச்சியம்மாள் உள்ளே இருந்தபடியே சத்தம் போடாமல் கேட்டார்: "ஏலே, நான் செத்திருந்தாத்தான் நம்பியிருப்பியோ?"

இட்லித் தட்டு

எலக்ட்ரீஷியன் வந்து, கொல்லையில் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கி, த்ரீ பின் பாயிண்ட் வைத்தார். நான் கஞ்சியைச் சுரண்டித் துடைத்து, காயவைத்து, டெஸ்டரில் பார்த்த பிறகே கரண்ட் கொடுத்தேன். இனி வடிப்பதில்லை என்று பேச்சியம்மாள் சம்மதித்தார். தனக்கு வேண்டிய கஞ்சியைத் தனியாக அடுப்பில் வைத்துக்கொள்வாராம்.

சோற்றில் அவருக்கு இன்னும் நம்பிக்கை வராததால், குக்கரோடு வந்த தட்டில் இட்லி வைத்தோம். தட்டுக்கு ஆறு. வெந்ததும் பிளக்கைப் பிடுங்கி, ஆவி முகத்தில் அடிக்காதபடி மூடியை எனக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்தேன். பேச்சியம்மாள் எனக்கு ஒன்று கொடுத்துச் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மகனுக்கு ஒன்று. அந்த வாரம் மருமகளுக்கு மத்தியான ஷிஃப்ட். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு, அவள் டிபன் பாக்ஸில் மூன்றை எடுத்து வைத்து மூடிக் கையில் கொடுத்தார்: "ஏட்டி, பஸ் போயிரும். பராக்குப் பாக்காமப் போ."

இந்தத் தொழிலில் முழு நம்பிக்கையை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அன்றும் பேச்சியம்மாள் தன் பங்கைத் தொடாமல் மூடி வைத்ததில், ஆறு இட்லியில் மிச்சம் ஒன்று.